ஆயிரம் மைல் ஓட்ட என்ன வேண்டும்?

அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன் என்ற மோட்டார் சைக்கிள் சங்கத்தில் சேர விரும்புவோர் பெரும்பாலும் எழுதும் முதல் தேர்வு எளிதாகச் சொல்லக்கூடியது: 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது சுமார் 1,609 கிலோமீட்டர். இடமும் நேரமும் அச்சான பெட்ரோல் ரசீதுகள் அதற்குச் சான்று. இந்திய ரைடர்கள் இதையே 1,600 கிலோமீட்டர் கணக்கில் நால்வழிச் சாலைகளில் ஓட்டித் தேறுகிறார்கள். 1984-இல் தொடங்கிய அயர்ன் பட் ராலியோ 11 நாளில் சுமார் 11,000 மைல் கேட்கிறது. இதற்கெல்லாம் பெரிய இன்ஜின்தான் முதல் தேவை என்று தோன்றும். ஆனால் இதில் பழகியவர்களின் பைக்கில் முதலில் கண்ணில் படுபவை வேறு: சீட்டின்மேல் கம்பளியோடு கூடிய செம்மறித் தோல், வாய்வரை குழாய் நீளும் தண்ணீர்க் குடுவை, காதில் இயர் பிளக். வண்டி களைப்பதில்லை, ஓட்டுபவர்தான் களைக்கிறார். அந்தக் களைப்பைத் தள்ளிப்போடும் பொருளே இங்கே அவசியமானது, மற்றதெல்லாம் அலங்காரம்.

ஒரு சின்னக் கணக்கு இதைத் தெளிவாக்கும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 1,600 கி.மீ. போக 20 மணி நேரம் ஆகும். வேகத்தை 90-க்கு உயர்த்தினால் 2 மணி 13 நிமிடம் மிச்சமாகும். அதே பயணத்தில் பத்து இடங்களில் நின்று, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் போக்காமல் 7 நிமிடத்தில் கிளம்பினால் 2 மணி 10 நிமிடம் மிச்சம். லாபம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் முதல் வழியில் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. இரண்டாவதில் எந்த ஆபத்தும் கூடவில்லை. நிறுத்தங்கள் நீள்வது பெட்ரோல் போடுவதால் அல்ல. இடுப்பு வலிக்கிறது, தாகமெடுக்கிறது, கையுறையை எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியிருக்கிறது. ஓடிக்கொண்டே தண்ணீர் குடிக்க ஒரு குழாயும், உட்காரும் எலும்புகளின் கீழ் அழுத்தத்தைப் பரப்பி வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும் செம்மறிக் கம்பளியும், ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத ஒரு பையும் இருந்தால் இந்தக் காரணங்களில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

காதுக்கான காப்புதான் இருப்பதிலேயே மலிவு; அலட்சியம் செய்யப்படுவதும் அதுவே. நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 100 டெசிபெல்லைத் தொடலாம். 85 டெசிபெல் ஒலியை நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறையும் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதாரப் பரிந்துரை. அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லுக்குக் கிடைப்பது 15 நிமிடம். விலை உயர்ந்த ஹெல்மெட்டும் இதை முழுதாகத் தடுப்பதில்லை. இரைச்சலில் பெரும்பகுதி கழுத்துப் பக்கம் சுழலும் காற்றிலிருந்து பிறக்கிறது. காதை அடைத்தால் பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேட்காதே என்ற ஆட்சேபம் நியாயமாகத் தோன்றும். ஆனால் இயர் பிளக் இரைச்சலையும் ஹாரனையும் சேர்த்தே தணிக்கிறது. வேகத்தில் ஹாரனை மூழ்கடிப்பது காற்றின் இரைச்சல்தான்; அது தணியும்போது ஹாரன் காதுக்கு எட்ட வழி இருக்கிறது. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கழற்றிக்கொள்வதே முறை.

நம் ஊர் வெயிலுக்கு ஜாக்கெட்டா என்று கேட்பார்கள். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை சட்டைக்குள் புகும் காற்று இதம். 40 டிகிரியில் அதே காற்று உடலுக்குள் வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. வியர்வையும் சுரப்பதைவிட வேகமாகக் காய்ந்துவிடுகிறது. அப்போது ஜாக்கெட்டின் காற்றுத் துவாரங்களை ஓரளவு மூடி, உள்ளே ஈரமான மேலுடை அணிவது பலன் தரும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். மண்பானை தண்ணீரைக் குளிர வைப்பது போல, அந்த வெப்பம் உடலிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆனால் கடற்கரையோரப் புழுக்கத்தில் ஈரம் எளிதில் ஆவியாகாது. அங்கே இந்த உத்தி அவ்வளவாக எடுபடாது.

முன்னோர் இவை ஏதும் இல்லாமல் ஓட்டவில்லையா என்பது அடுத்த கேள்வி. ஓட்டினார்கள். 1914-இல் ‘கேனன் பால்’ பேக்கர் இந்தியன் மோட்டார் சைக்கிளில் சான் டியாகோவிலிருந்து நியூயார்க்குக்கு, சுமார் 3,400 மைலை, 11 நாள் 12 மணி 10 நிமிடத்தில் கடந்தார். நாளுக்கு 300 மைலுக்கும் குறைவு. அவரை வதைத்தது சாலையே இல்லாத நிலம். இன்றைய ராலிக்காரர் ஏறக்குறைய அதே நாள்களில் மூன்று மடங்குக்கும் மேல் தூரம் போகிறார். அவரைத் தேய்ப்பது இரைச்சலும் காற்றும் அசையாமல் உட்கார்ந்திருப்பதும். எதிரி மாறியதால் கருவியும் மாறியது.

இருப்பதிலேயே வலுவான ஆட்சேபம் வேறொன்று. சொகுசு கூடினால் களைப்பு தெரியாமல் போய், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓட்டுவார்களே? இது உண்மையான ஆபத்து. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் அளவுக்குக் குறைவதாக 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியச் சட்டம் அனுமதிப்பது 0.03 சதவீதம். செம்மறித் தோலும் தண்ணீர்க் குழாயும் இயர் பிளக்கும் உடலின் தேய்மானத்தைக் குறைக்கும், தூக்கத்துக்கு ஈடாகாது. அயர்ன் பட் ராலியே ஓய்வுக்குப் புள்ளி தருகிறது. ஆகவே கைக்காசைச் செலவிடுவதற்கும் ஒரு வரிசை உண்டு: முதலில் இயர் பிளக், தண்ணீர்க் குழாய், பஞ்சர் கிட், பிறகு சீட்டு, ஜாக்கெட், இரவுக்குக் கூடுதல் விளக்கு, பெரிய டேங்க் கடைசியில். நல்ல கருவிகளால் மிச்சமாகும் இரண்டு மணி நேரத்தை இன்னும் நூற்றைம்பது கிலோமீட்டருக்குச் செலவிடுபவர் அவற்றை வீணாக்குகிறார். படுத்துத் தூங்குபவரே அவற்றின் முழுப் பயனைப் பெறுகிறார்.