அடுப்பங்கரை இல்லாமல் ஒரு வீடு

மாஸ்கோவில் நோவின்ஸ்கி பூல்வாருக்குப் பின்னால், அமெரிக்கத் தூதரகத்தை ஒட்டி, நீளவாக்கில் படுத்திருக்கிறது நார்கொம்ஃபின் கட்டடம். ரஷ்யக் குடியரசின் நிதித்துறை ஊழியர்களுக்காக 1928இல் தொடங்கி 1930இல் முடித்தார்கள். வரைந்தவர்கள் மொய்சேய் கின்ஸ்பர்க், இக்னாத்தி மிலினிஸ். கட்டச் சொன்னவர் நிதி ஆணையர் நிக்கலாய் மிலியூட்டின்.

சமையல், துவையல், பிள்ளை வளர்ப்பு மூன்றையும் வீட்டைவிட்டு வெளியேற்றினால் பெண்ணுக்கு விடுதலை என்று நம்பிய காலம் அது. ஒரே நாளில் அடுப்பைப் பிடுங்கினால் யாரும் குடிவர மாட்டார்கள் என்பது கின்ஸ்பர்குக்குத் தெரிந்திருந்தது. அதனால் இதை இடைக்கால வீடாகவே வகுத்தார். பெரிய குடும்பங்களின் வீடுகளில் சமையலறை உண்டு. சுமார் 37 சதுர மீட்டர் சிறு வீடுகளில் ஒரு மூலையில் அடுப்புத் திட்டு மட்டும். உணவுக்கூடமும் நூலகமும் உடற்பயிற்சிக் கூடமும் பக்கத்துக் கட்டடத்தில்; மூடிய பாலம் வழியாகப் போய்வரலாம். சலவைக்குத் தனிக் கட்டடம். குழந்தைகள் காப்பகம் மட்டும் வரைபடத்தோடு நின்றுவிட்டது.

கொள்கையை விட என்னை வியக்க வைப்பது அந்தச் சிறு வீட்டின் அமைப்புதான். தளத்துக்குத் தளம் நடைவழி வைத்து இடத்தை வீணாக்கவில்லை. ஒரு நடைவழியிலிருந்து சில வீடுகளுக்குப் படியேறுகிறோம், சிலவற்றுக்கு இறங்குகிறோம். நடைவழியின் மேலும் கீழும் படுக்கையறைகள் புகுந்துகொள்ள, மறுபக்கம் கூடம் உயர்ந்த கூரையோடு விரிகிறது. காலை வெயில் படுக்கையில், மாலை வெயில் கூடத்தில். இவ்வளவு சின்ன வீட்டுக்கு இரு பக்கமும் ஜன்னல்! இன்றைய அடுக்குமாடிக்காரர்கள் கேட்க வேண்டிய சங்கதி.

மொட்டை மாடியில் காற்றோட்ட இயந்திரம் வைக்க விட்ட இடத்தில் மிலியூட்டின் தனக்கென இரண்டடுக்கு வீடு கட்டிக்கொண்டார். சமத்துவத்துக்கும் ஒரு மேல்மாடி உண்டு போலும்.

1930 மே மாதமே கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு, அன்றாட வாழ்வை ஒரே தாவலில் மாற்றத் துடிப்பவர்களைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. உணவுக்கூடம் வெகுநாள் ஓடவில்லை. பின்னர் ஒரே வீட்டில் பல குடும்பங்கள் அடைந்தன. தூண்களுக்கு நடுவே காலியாக விட்ட கீழ்த்தளத்தையும் சுவர் எழுப்பி வீடாக்கினார்கள். பல பத்தாண்டுகள் பராமரிப்பின்றிக் கட்டடம் உதிர்ந்தது.

2017 முதல் 2020 வரை அதைச் சீரமைத்தவர் கின்ஸ்பர்கின் பேரன் அலெக்ஸேய். கீழ்த்தளத்துச் சுவர்களை இடித்துத் தூண்களை மீட்டார். எழுத்தர்களுக்காகக் கட்டிய அந்தச் சிறு வீடுகளை இப்போது வாங்குபவர்கள் மாஸ்கோவின் வசதிக்காரர்கள்.