கொப்பரைக் களத்திலிருந்து குதிகால் வரை

காங்கேயம் நெருங்க நெருங்க, கண்ணுக்கு முன்னால் மூக்கு விழித்துக்கொள்கிறது! இனிப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த ஒரு வாசனை பேருந்துக்குள்ளேயே வந்துவிடும். இறங்கி நடந்தால் சாலையோரம் அகல அகலமான சிமென்ட் களங்கள். களம் கொள்ளாமல் பாதிப் பாதியாக உடைத்த தேங்காய்கள், வெள்ளை வெளேரென்று வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கின்றன. நம் வீட்டுக் குளியலறை அலமாரியில் சாதுவாக நிற்கிற அந்த எண்ணெய் பாட்டிலின் மறுபக்கம் இதுதான். இத்தனை வருடம் தலையிலும் காலிலும் தேய்த்துக்கொண்டு, ஒரு தடவைகூட இங்கே எட்டிப் பார்க்காமல் எப்படி இருந்தோம்?

இந்த ஊருக்குத் தேங்காய் பொள்ளாச்சி, உடுமலைத் தோப்புகளிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்குகிறது. காங்கேயம் கொடுப்பது வெயில். மழை குறைந்த வறண்ட பூமி, மேகம் அதிகம் மறைக்காத வானம். கொப்பரைக்கு வேறென்ன வேண்டும்? மட்டை உரிப்பவர் ஒருவர், உடைப்பவர் இன்னொருவர். உடைப்பவர் கையைப் பார்த்துக்கொண்டே அரைநாள் நிற்கலாம். இடது உள்ளங்கையில் காய், வலக்கையில் அரிவாள், ஒரே போடு, தண்ணீர் தெறிக்கச் சரிபாதி! இரண்டு மூடிகளும் அந்தரத்தில் பிரிந்து குவியலில் விழுவதற்குள் அடுத்த காய் கைக்கு வந்துவிடுகிறது.

ஓரிரு நாள் வெயில் பட்டதும் பருப்பு சுருங்கி, ஓட்டை விட்டுத் தானாக விலகுகிறது. அதை நெம்பி எடுத்து மறுபடியும் களத்தில் பரப்புகிறார்கள். ஓட்டை இங்கே தொட்டி என்கிறார்கள்; அது கரி சுடும் ஆலைக்குப் போய்விடும். நம் தண்ணீர் வடிகட்டிக்குள் இருக்கும் கரியில் பெரும்பங்கு இப்படிப்பட்ட தேங்காய்த் தொட்டியிலிருந்துதான் வருகிறது என்பது கொசுறுச் செய்தி. நல்ல வெயிலாக இருந்தால் மொத்தம் ஒரு வாரத்தில் கொப்பரை தயார். தயாரானது எப்படித் தெரியும்? களத்தில் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா ஒரு துண்டை என் கையில் கொடுத்தார்.

“ஒடச்சுப் பாருங் கண்ணு. டக்குனு சத்தம் வரோணும். வளைஞ்சுதுன்னா உள்ள ஈரம் கெடக்குதுன்னு அர்த்தம்.”

உடைத்தேன். டக்! அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் நாலு துண்டு கேட்டு வாங்கி உடைத்தேன்.

அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. புதுத் தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நன்றாகக் காய்ந்த கொப்பரையில் அது 6, 7 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. மிச்சத்தில் 60 சதவீதத்துக்கு மேல் எண்ணெய். ஈரம் தங்கிவிட்டால் பூஞ்சை பிடிக்கும். எண்ணெயின் கொழுப்பு உடைந்து அமிலம் பிரியும். அந்தக் கொப்பரையை ஆட்டினால் சில வாரத்தில் சிக்கு வாடை வந்துவிடும். மழைக்காலத்தில் சில இடங்களில் கந்தகப் புகை போட்டுப் பூஞ்சையைத் தடுப்பதும் இதனால்தான். வெயிலில் மட்டும் காய்ந்த கொப்பரைதானா என்று செக்குக்காரரிடம் கேட்டு வாங்குவதில் தப்பே இல்லை. கேட்டால் அவர்களுக்குச் சந்தோஷம்தான். பெருமையாக மூட்டையை அவிழ்த்தே காட்டுவார்கள்.

இந்தக் கதையில் எனக்கு உச்சிமுடி சிலிர்த்த இடம் இதுதான்: ஒரு வாரம் வெயிலில் போட்டு, தண்ணீரை விரட்டு விரட்டென்று விரட்டித்தான் இந்த எண்ணெயை எடுக்கிறார்கள். அப்புறம் அதே எண்ணெய் நம் தோலுக்கு வந்து பார்க்கிற வேலை என்ன? தண்ணீரைப் போகவிடாமல் பிடித்து வைப்பது!

சரி, செக்குக்கு வாங்க. மாடு சுற்றிய இடத்தில் இப்போது மோட்டார் சுற்றுகிறது. மற்றபடி உரலும் உலக்கையும் மரம்தான், பெரும்பாலும் வாகை. கொப்பரையைச் சின்னத் துண்டுகளாக வெட்டிப் போட்டதும் முதல் சில நிமிடம் கடகடவென்று ஒரே இரைச்சல். பிறகு தூளாகிறது, சத்தம் தணிகிறது. தூள் மெல்லக் கருத்து விழுதாகிறது. இனி ஒன்றும் நடக்காதோ என்று நினைக்கும்போது உலக்கையின் அடியில் ஒரு பளபளப்பு. அவ்வளவுதான், அடுத்த நிமிடம் எண்ணெய் ஊறி ஊறி வந்து, துவாரம் வழியாகப் பாத்திரத்தில் நூலாக இறங்குகிறது! விரலை நீட்டினால் வெதுவெதுப்பு. நாம் கடையில் பார்க்கிற தெளிவு அதில் இல்லை. கலங்கலாக, கசடோடு இருக்கிறது. அகலமான பாத்திரங்களில் ஊற்றி, வெள்ளைத் துணி கட்டிச் சில நாள் வெயிலில் வைப்பார்கள். கசடு அடியில் தங்க, மேலே கண்ணாடித் தெளிவு. செக்கில் மிஞ்சும் புண்ணாக்கு மாட்டுக்கு. காளைக்குப் பேர்போன ஊரில் அது வீணாகுமா?

செக்கு எண்ணெய் ஒரு வகைதான். பெரிய ஆலைகளில் இரும்புத் திருகு பிழிகிறது. அங்கே சூடு கூடுதல். அதற்குப் பிறகு நிறத்தையும் மணத்தையும் நீக்கிச் சுத்திகரித்த எண்ணெயும் உண்டு. இன்னொன்று கொப்பரையே தேவைப்படாதது: பச்சைத் தேங்காயை அரைத்துப் பால் எடுத்து, அதிலிருந்து பிரிப்பது. கன்னியாகுமரிப் பக்கம் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி உருக்கெண்ணெய் எடுத்துக் குழந்தைக்குத் தேய்ப்பார்கள். இப்போது சூடே காட்டாமல் பாலைச் சுழற்றிப் பிரித்தெடுப்பதை ‘விர்ஜின்’ என்று பாட்டிலில் போடுகிறார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இப்போது இன்னொரு கதவைத் திறக்கலாம். தோலுக்குள்!

நாம் தொட்டுப் பார்க்கிற தோலின் மேலடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்தான். அது முழுக்க இறந்து தட்டையான செல்கள். செங்கல் அடுக்கி நடுவில் சுண்ணாம்பு பூசிய சுவர் என்று தோல் மருத்துவர்கள் சொல்வது நல்ல விளக்கம்: செல்கள் செங்கல், இடையே செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் எல்லாம் சேர்ந்த கொழுப்புப் பூச்சு. உடம்புக்குள் இருக்கும் தண்ணீர் எந்நேரமும் இந்தச் சுவர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. இது வியர்வை அல்ல, வியர்க்காதபோதும் நடப்பது. சோப்பும் வெந்நீரும் பூச்சைக் கரைத்தால், வயது ஏறினால், நாளெல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்தால், ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து அறைந்தால் பூச்சில் இடைவெளி விழும். கெண்டைக்காலில் நகத்தால் இழுத்தால் வெள்ளைக் கோடு விழுகிறதே, அது அந்த இடைவெளியின் கையெழுத்து.

தேங்காய் எண்ணெயில் தண்ணீர் துளிகூட இல்லை. ஆகவே அது தோலுக்கு ஈரம் கொடுப்பதில்லை; இருக்கிற ஈரத்தை வெளியேற விடாமல் மூடுகிறது, விளிம்பு தூக்கிக்கொண்டிருக்கும் செல்களைப் படிய வைக்கிறது. அதன் கொழுப்பில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். இந்த எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நம் தோலின் மேற்பரப்பு அதைவிடச் சூடு. மார்கழியில் கட்டியாக உறைந்ததை உள்ளங்கையில் வைத்தவுடன் கரைந்து வழிவது இதனால்தான். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது வித்தைதான்!

சோதித்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள், அதுவும் தென்னை நாடான பிலிப்பைன்ஸில். 2004இல் வெளியான ஆய்வில் வறண்ட தோல் உள்ள 34 பேர். சிலருக்கு விர்ஜின் தேங்காய் எண்ணெய், சிலருக்குக் குழந்தை எண்ணெய்களில் இருக்கும் மினரல் ஆயில். தினமும் இரண்டு வேளை, இரண்டு வாரம், கால்களில். இரண்டு எண்ணெயுமே ஈரத்தைக் கூட்டின, கிட்டத்தட்ட சமம். வெறும் மூடுகிற வேலையில் நம் எண்ணெய் சளைத்ததல்ல என்று தெரிந்தது, அவ்வளவுதான். 2014இல் வெளியானதுதான் துள்ள வைக்கிறது. கரப்பான் எனும் எக்ஸிமா, லேசாகவோ நடுத்தரமாகவோ உள்ள 117 குழந்தைகள், 8 வாரம். தேங்காய் எண்ணெய் தேய்த்தவர்களுக்கு நோயின் கடுமை அளவீடு சராசரியாக 68 சதவீதம் இறங்கியது. மினரல் ஆயில் தேய்த்தவர்களுக்கு 38. ஒரே மாதிரி மூடுகிற இரண்டு எண்ணெய்களில் ஒன்று மட்டும் ஏன் இவ்வளவு முந்த வேண்டும்?

2008இல் வந்த இன்னொரு ஆய்வு ஒரு துப்பு தருகிறது. எக்ஸிமா உள்ள தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா குடியேறி அரிப்பைக் கிளறும். அந்தக் கிருமி இருந்த 20 பேர் தேங்காய் எண்ணெய் தேய்த்தார்கள். நாலு வாரம் கழித்து ஒருவரிடம்தான் மிச்சம். ஆலிவ் எண்ணெய் தேய்த்த 12 பேரில் 6 பேரிடம் அப்படியே இருந்தது. லாரிக் அமிலமும் அதிலிருந்து உண்டாகும் மோனோலாரினும் கிருமியின் மேலுறையைக் குலைக்கக்கூடியவை. களத்தில் உடைத்த அந்தத் துண்டுக்குள் இதுவும் ஒளிந்திருந்தது!

இவையெல்லாம் சின்ன ஆய்வுகள். சோதித்தது விர்ஜின் வகையை. செக்கில் ஆட்டிய கொப்பரை எண்ணெயில் கொழுப்பு அமிலங்கள் ஏறக்குறைய அதேதான், ஆனாலும் அந்த எண்கள் அதன் கணக்கில் சேராது. குழந்தைக்குக் கரப்பான் இருந்தால் மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு எண்ணெயைக் கையில் எடுக்காதீர்கள். மருந்தோடு இதையும் தேய்க்கலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

முகப்பரு வரும் முகமா? இந்த எண்ணெய் வேண்டாம். துவாரங்களை அடைத்துப் பருவைக் கூட்டக்கூடியது. பொடுகு அதிகமாகி மூக்கோரம், புருவத்தில் செதில் உதிர்கிறவர்களும் அங்கே தடவ வேண்டாம். அதற்குக் காரணமான மலாசீசியா என்ற ஈஸ்ட் கொழுப்பு அமிலத்தைத் தின்று வளர்வது, லாரிக் அமிலமும் அதற்குத் தீனி. வெயிலைத் தடுக்கவும் இதை நம்பக்கூடாது. கை, கால், முழங்கை, குதிகால், வயதானவர்களின் கெண்டைக்கால், இவைதான் இதன் ராஜ்யம்.

பாட்டில் வாங்கும்போது ஒரு வேடிக்கை. கடையில் பல பாட்டில்களில் சமையலுக்கான எண்ணெய் என்றுதான் போட்டிருக்கும், நாம் தலைக்கு வாங்குகிறோம். சின்ன பாட்டிலில் வரும் சுத்தமான தேங்காய் எண்ணெய் சாப்பிடுவதா, தலைக்குத் தேய்ப்பதா? வரிக்காக இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது! 2018இல் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு பக்கம் நிற்க, 2024 டிசம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு முடித்துவைத்தது: சமையல் எண்ணெயாகவே கொள்ளலாம், பாட்டில் சின்னது என்பதாலேயே அது தலைமுடி எண்ணெய் ஆகிவிடாது. தோலுக்கு வாங்குகிறவர்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. சாப்பிடத் தகுந்தது என்று போட்ட எண்ணெயில் வாசனைப் பொருள் கலந்திருக்காது. எளிதில் அரிக்கிற தோலுக்கு அதுதான் நல்லது.

இனித் தேய்க்கிற முறை. ஈரம் கொடுக்காத எண்ணெய் என்றோம் அல்லவா, ஈரத்தை நாம்தான் முதலில் வைக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து, துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றியெடுங்கள். தோல் இன்னும் சில்லென்று இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், உள்ளங்கையில் கொஞ்சம் விட்டுத் தேய்த்துக் காலில் மேலிருந்து கீழாகத் தடவுங்கள். ஒரு காலுக்கு அரைத் தேக்கரண்டி தாராளம். குதிகால் வெடிப்புக்கு ராத்திரியில் காலை நனைத்துத் துடைத்து, எண்ணெய் தடவிப் பருத்தி உறை மாட்டிக்கொள்ளலாம். அதோடு தரையில் நடக்காதீர்கள், வழுக்கும். கால் மணி நேரம் கழித்தும் வேட்டியிலோ சேலையிலோ ஒட்டினால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.