சமாதானம் சொல்லுதலும் சமாதானத்தைத் தேடுதலும்

எரேமியா 29ஆம் அதிகாரமும் அன்றாடத் திருமறைத் தியானமும்

ஆண்டிறுதி இரவு ஆராதனை முடிந்தபின் வாக்குத்தத்த அட்டை ஒன்றைப் பெற்று வீடு திரும்புதல் நம் தமிழ்த் திருச்சபைகளில் ஊறிப்போன வழக்கமாகும். தட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, அதிலுள்ள வசனத்தை அவ்வாண்டுக்குரிய ஆண்டவரின் சொல்லாக ஏற்று, வாசலுக்கு மேல் ஒட்டிவைக்கின்றோம். காலைதோறும் கைபேசியில் வந்துசேரும் வசனப் படமும் இப்போது அதனோடு கூடியுள்ளது. இவ்வழக்கத்தை இகழ்தல் எளிது, இகழ வேண்டுவதில்லை. ஓய்வின்றி உழைக்கும் ஓர் இல்லத்தில் ஒரு வசனமேனும் ஆண்டு முழுவதும் கண்முன் நிற்குமாயின் அது நன்மையே. ஆயினும், அட்டையில் அச்சான வசனம் தான் பிறந்த அதிகாரத்தை விட்டுப் பிரிந்து வந்த வசனம் என்பதை ஆயர்களும் இறையியல் மாணவர்களும் மறத்தலாகாது. அப்பிரிவினால் அது இழந்தது யாது? அன்றாடத் தியானத்தில் அதனை மீட்பது எவ்வாறு? அட்டைகளில் நாம் அடிக்கடி காணும் எரேமியா 29:11ஐ எடுத்துக்கொண்டு இவ்வினாக்களை ஈண்டு ஆராய்வோம்.

1. வினா எழும் இடம்

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரும் மேற்குத் தாம்பரத்தின் பல பகுதிகளும் நீரில் மூழ்கின. கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மடிப்பாக்கம் முதலிய இடங்கள் ஏரிகளுக்கும் சதுப்புநிலத்துக்கும் இடையே அமைந்தவை. கீழ்க்கட்டளை ஏரி நிறைந்தால் அதன் உபரிநீர் நாராயணபுரம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சேரவேண்டும். நீர் செல்லும் வழிகள் சுருங்கிய இடங்களில் அது வீடுகளுக்குள் வழி தேடிக்கொண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்சென்னைப் புறநகர் மீண்டும் இதனைக் கண்டது.

வெள்ளம் வடிந்தபின் இல்லங்களைச் சந்திக்கச் சென்ற ஆயர்கள் பலரும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. சேறு படிந்த சுவரின் மேற்பகுதியில் வாக்குத்தத்த அட்டை நனையாமல் நிற்க, அதனைச் சுட்டிக்காட்டி, “ஐயா, இந்த வசனம் எங்களுக்கு இல்லையா?” என்று கேட்கிறார் ஒரு தாய். அவர் அவிசுவாசத்தினால் கேட்கவில்லை. ஆண்டு முழுவதும் அவ்வசனத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவரே. இவ்வினாவுக்கு நேர்மையான விடை கூறாவிடில் அப்பிள்ளைகள் வாக்குத்தத்தத்தை மட்டுமன்று, வாக்களித்தவரையும் ஐயுறத் தொடங்குவர். ஆகவே இது வெறும் வேதவிளக்கச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை; நம் அருட்பணியின் உண்மையைப் பற்றியது.

2. கடிதமும் அதன் காலமும்

எரேமியா 29 ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோனியர் எருசலேமைக் கைப்பற்றி, அரசனையும் பிரபுக்களையும் கைவினைஞரையும் சிறைகளாகக் கொண்டு சென்றனர். அங்ஙனம் சென்றோருக்கு எருசலேமில் தங்கியிருந்த தீர்க்கதரிசி எழுதியனுப்பிய மடல் இது.

இம்மடலை அதற்கு முந்திய அதிகாரத்தோடு சேர்த்தே வாசித்தல் வேண்டும். அனனியா என்னும் தீர்க்கதரிசி தேவாலயத்தில் நின்று, இரண்டே ஆண்டுகளில் அனைவரும் திரும்பிவிடுவர் என்று முழங்குகிறான். எரேமியா முதலில் அதற்கு ஆமென் சொல்லுகிறார். அவ்வாறே ஆகவேண்டும் என்பதே அவர் உள்ளத்து விருப்பமும். ஆனால் தாம் விரும்புவது வேறு, ஆண்டவர் உரைப்பது வேறு என்பதை அவர் அறிவார். அனனியா அவர் கழுத்திலிருந்த நுகத்தை உடைத்தபோது அவர் மறுமொழி கூறாது தம் வழியே போனார். ஆண்டவரின் வார்த்தை பின்னரே அவருக்கு உண்டாயிற்று. கேட்போர் விரும்புவதை உடனே சொல்லிவிடாமல் வார்த்தைக்குக் காத்திருத்தல் தீர்க்கதரிசிக்குரிய ஒழுக்கம். பிரசங்க பீடத்தில் நிற்கும் நமக்கும் அதுவே ஒழுக்கம்.

மடல் கூறும் காலக்கணக்கு எழுபது ஆண்டு. பதினொன்றாம் வசனத்துக்கு நேர் முன்னே பத்தாம் வசனத்தில் அது நிற்கிறது. அட்டைக்கு மட்டும் அது வந்து சேருவதில்லை. எழுபது ஆண்டு என்றால், மடலைக் கையில் வாங்கி வாசித்த பெரியவர்களுள் பெரும்பாலோர் பாபிலோனிலேயே அடக்கம்பண்ணப்படுவர் என்பதே பொருள். வாக்குத்தத்தத்தின் இனிமையை இக்கணக்கோடு சேர்த்துச் சுவைக்கவேண்டும் என்றே ஆண்டவர் அவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தார்.

3. எந்தச் சமாதானம்?

நம் பேச்சுவழக்கில் சமாதானம் என்னும் சொல்லுக்குப் பல நிறங்கள் உண்டு. ‘சமாதானம் சொல்லுதல்’ என்றால் அழுகின்றவரைத் தேற்றுதல்; சில வேளைகளில் குறையை மறைக்கச் சாக்குக் கூறுதலும் ஆகும். ‘சமாதானம் பண்ணுதல்’ பகைத்தோரை ஒன்றுசேர்த்தல். எபிரெய மொழியின் ஷாலோம் இவையனைத்திலும் பெரிது. குறைவின்மை, உடல்நலம், நீதியான உறவு, ஊரின் வாழ்வு ஆகிய யாவும் அதனுள் அடங்கும்.

எரேமியாவின் காலத்தில் சமாதானம் சொன்னோர் பலர் இருந்தனர். சமாதானமில்லாதபோதே சமாதானம் என்று கூறி, மக்களின் காயத்தை மேலோட்டமாக ஆற்றினார்கள் என்று 6:14இலும் 8:11இலும் அவர் குற்றஞ்சாட்டுகிறார். புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுதல் போன்றது அது.

அவர் மடல் வேறொரு வழியைக் காட்டுகிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் நடுங்கள், பிள்ளைகளை வளர்த்துப் பெருகுங்கள் என்று கூறி, ஏழாம் வசனத்தில் பாபிலோன் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக மன்றாடும்படி கட்டளையிடுகிறது. எருசலேமின் சமாதானத்துக்காக மன்றாடுவதை அவர்கள் 122ஆம் சங்கீதத்தில் பாடியறிந்தவர்கள். பகைவனுடைய பட்டணத்துக்காக மன்றாடச் சொல்வது 137ஆம் சங்கீதத்தின் கண்ணீருக்கும் கசப்புக்கும் எதிர்த்திசையில் செல்வது. பதினொன்றாம் வசனத்தில் ஆண்டவர் வாக்களிக்கும் சமாதானமும், ஏழாம் வசனத்தில் தேடச்சொல்லும் சமாதானமும் ஒரே ஷாலோம். நம் தமிழ்த் திருமறையின் பழைய மொழிபெயர்ப்பும் இரண்டிடத்திலும் சமாதானம் என்றே கூறுகிறது. அட்டை முந்தியதை விட்டுப் பிந்தியதை மட்டும் தருகிறது.

நம் புறநகர்ச் சபைகள் சிறையிருப்பில் உள்ளவை என்று நாம் கூறவில்லை. பிழைப்புக்காக விரும்பி வந்தோரை வாளால் கொண்டுபோகப்பட்டோரோடு ஒப்பிடுதல் தகாது. ஆயினும் மனநிலையில் ஓர் ஒற்றுமை உண்டு. கீழ்க்கட்டளையில் முப்பது ஆண்டு குடியிருந்தும் ‘எங்கள் ஊர்’ என்றால் நாசரேத்தையோ மார்த்தாண்டத்தையோ குறிப்பிடுவோர் நம்மிடையே பலர். அங்கேயே ஊர், இங்கே வீடு மட்டும். ஊர் இல்லாத இடத்தில் ஏரியைப் பற்றியோ வாய்க்காலைப் பற்றியோ கவலை எழுவதில்லை. 2015இல் ஆலயங்களும் கோயில்களும் மசூதிகளும் மண்டபங்களும் கதவு திறந்து யாவரையும் ஏற்ற நாட்களில், இதுவும் நம் ஊரே என்று பலர் முதன்முறையாக உணர்ந்தனர். எரேமியாவின் மடல் அவ்வுணர்வை ஒரு வெள்ளத்தோடு முடித்துவிடாமல் நாள்தோறும் மன்றாட்டாகவும் செயலாகவும் தொடரச் சொல்கிறது.

4. யாருக்கு இந்த நம்பிக்கை?

இவ்வசனத்தில் வரும் ‘உங்கள்’ என்னும் சொல்லைத் தமிழர் தவறாகப் புரிந்துகொள்ளுதல் எளிது. நம் மொழியில் அது பன்மையும் ஆகும். மரியாதைக்குரிய ஒருமையும் ஆகும். அட்டையை ஏந்தியவர் அதனைத் தமக்கே உரிய மரியாதைச் சொல்லாக வாசித்துவிடுகிறார். ஆனால் நம் திருமறையில் ஆண்டவர் தனியொருவரிடம் பேசுகையில் ‘நீ’, ‘உன்’ என்றே பேசுகிறார். யோசுவாவுக்கு அளித்த வாக்கை நோக்குக. ஆகவே எரேமியா 29:11இல் உள்ள ‘உங்கள்’ கலப்பற்ற பன்மை. எபிரெய மூலமும் பன்மையே. முதியோரும், அவர் காணப்போகும் பேரரும், இன்னும் பிறவாதோரும் அச்சொல்லில் அடங்குவர். வினாவெழுப்பிய தாயும் ‘எனக்கு’ என்று கேளாமல் ‘எங்களுக்கு’ என்று கேட்டார். வசனத்தின் இலக்கணத்துக்கு அவ்வினா நெருங்கியே நிற்கிறது.

நம்பிக்கை என்பதற்கு இங்கே மூலத்தில் உள்ள சொல் திக்வா. காத்திருத்தல் என்னும் வினையோடு தொடர்புடையது. ராகாப் தன் சன்னலில் கட்டிய சிவப்புநூல் கயிற்றையும் யோசுவா 2ஆம் அதிகாரம் இச்சொல்லாலேயே குறிக்கிறது. அக்கயிற்றைக் கட்டிய பின்னரும் அவள் காத்திருக்கவேண்டியிருந்தது. அவள் ஒருத்திக்காக மட்டுமன்றி, அவ்வீட்டில் கூடியிருந்த அனைவருக்காகவும் அது கட்டப்பட்டது.

எரேமியாவைத் தமிழில் தந்த முன்னோடிகளுள் ஒருவரான யோகான் பிலிப் பப்ரீசியுஸ் இத்தகைய நம்பிக்கைக்குச் சான்றாவார். 1740இல் தரங்கம்பாடிக்கு வந்த அவர், 1742 முதல் சென்னையில் பணியாற்றினார். 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தபோதும், 1758இல் தொடங்கிய முற்றுகையின்போதும் பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். அவர்வழிக் கடனாகக் கொடுக்கப்பட்ட பிறர் பணம் திரும்பாமையால் முதுமையில் கடனுக்காகச் சிறையும் கண்டார். 1791 ஜனவரியில் காலமானார். அவருடைய பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு அச்சில் நிறைவுற்றது 1796இல். சமாதான வாக்கை நமக்குத் தமிழில் தந்தவர் தம் வாழ்நாளில் தொல்லையற்ற முடிவைக் காணவில்லை. அவர் உழைப்பின் பயனை அவருக்குப்பின் வந்த சபைகள் தலைமுறை தலைமுறையாக வாசித்து வளர்ந்தன. ‘உங்கள்’ என்பதன் பொருள் இதுவே.

5. அன்றாடத் தியானத்தின் ஒழுங்கு

நாளுக்கொரு வசனம் என்னும் முறை புதியதன்று. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரில் மொரேவியச் சபையார் 1728 மே மாதத்தில் இதனைத் தொடங்கினர். 1731 முதல் ஆண்டுதோறும் அது நூலாக வெளிவருகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டினால் தெரிந்து, அதற்கு இசைவான புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆய்ந்து சேர்ப்பது அவர்கள் முறை. நம் கவனத்துக்குரியது வேறொன்று. தொடக்கத்தில் அவ்வசனத்தைச் சகோதரர் வீடு வீடாகச் சென்று அறிவித்தனர். செல்லுமிடத்தில் அவ்வீட்டாரின் நலத்தையும் அறிந்து வந்தனர். வசனத்தோடு ஒரு மனிதரும் வாசலுக்கு வந்தார். கைபேசியில் வசனம் அனுப்பும் ஆயர், மாதத்துக்கொரு முறையேனும் அதனைக் கால்நடையாகக் கொண்டுசெல்லுதல் நன்று.

இந்நூலை நாள்தோறும் பயன்படுத்தியவர்களுள் டீட்ரிஷ் பான்ஹோபரும் ஒருவர். 1935 முதல் 1937 வரை ஃபின்கன்வால்டேயில் அவர் நடத்திய குருத்துவப் பயிற்சியகத்தில், மாணவர் காலைதோறும் அரைமணி நேரம் தியானித்தனர். ஒரு வாரம் முழுவதும் ஒரே பகுதி. பாதுகாப்பாக நியூயார்க்கில் இருந்த அவர், தாயகம் திரும்ப முடிவெடுத்திருந்த 1939 ஜூன் மாதத்தில் 2 தீமோத்தேயு 4ஆம் அதிகாரத்தை வாசித்தார். மாரிகாலத்துக்கு முன்னே வரும்படி பவுல் விடுத்த அழைப்பு நாள் முழுவதும் தம்மைப் பின்தொடர்ந்ததாக நாட்குறிப்பில் எழுதினார். திரும்பிச் சென்றார், 1945 ஏப்ரல் 9ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். தியானம் அவரைப் பட்டணத்தின் துன்பத்திலிருந்து விலக்கவில்லை, அதனுள் அனுப்பியது.

இவற்றைக் கருதி, ஆயர்களும் மாணவர்களும் கைக்கொள்ளத்தக்க எளிய ஒழுங்கொன்றைக் கூறுவோம்.

முதலாவது, அட்டையில் வந்த வசனத்தை அதன் அதிகாரத்துக்குத் திருப்பி அனுப்புக. ஒரு வாரம் அந்த அதிகாரத்தையே வாசிக்கவும். யார், யாருக்கு, எந்நிலையில், எதற்காக உரைத்தார் என்னும் வினாக்களுக்கு விடை கண்டபின் ‘நமக்கு’ என்னும் வினாவுக்கு வருக.

இரண்டாவது, சங்கீதங்களை விருப்பப்படி தெரிந்தெடாமல் வரிசையாக வாசிக்கவும். அப்போது 23ஆம் சங்கீதத்தோடு, இருளிலேயே முடியும் 88ஆம் சங்கீதமும் நம் வாயில் வரும். புலம்பலைச் சபைக்குக் கற்பிக்காத ஆயர், புலம்பும் நாளில் சபையைச் சொல்லற்றதாக விட்டுவிடுகிறார்.

மூன்றாவது, அமைதியாக இருந்து, பின்பு பெயர் சொல்லி மன்றாடுக. நம் தெரு, நம் ஏரி, அடுத்த வீட்டிலிருக்கும் பிற சமயத்தார், வார்டு உறுப்பினர் ஆகிய யாவரும் அம்மன்றாட்டில் இடம்பெறட்டும்.

நான்காவது, அன்று செய்யத்தக்க ஒன்றைக் குறித்துக்கொள்க. நோயுற்றோர் ஒருவரைச் சந்தித்தலாகலாம்; அடைபட்ட கால்வாயைப் பற்றி மாநகராட்சிக்கு விண்ணப்பம் எழுதுதலாகவும் இருக்கலாம். இரண்டும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுதலே.

6. நிறைவாக

கிறிஸ்துவே நம்முடைய சமாதானம் என்று எபேசியர் 2ஆம் அதிகாரம் சாற்றுகிறது. அவர் எருசலேமைக் கண்டு அழுதவர். அப்பட்டணத்துக்கு வெளியே பாடுபட்டவர். உயிர்த்தெழுந்தபின் கதவடைத்திருந்த சீடரிடம் வந்து சமாதானம் கூறியபோது, தம் கைகளையும் விலாவையும் காட்டினார் என்று யோவான் 20ஆம் அதிகாரம் உரைக்கிறது. காயத்தை மறைத்துச் சொல்லிய சமாதானம் அன்று அது. அடுத்த மூச்சிலேயே அவர்களை வெளியே அனுப்பினார்.

ஆகவே வரும் ஆண்டிறுதி இரவிலும் அட்டைகளை வழங்குவோம். வழங்குகையில் அதன் பின்புறத்தில் அதிகாரம் முழுவதையும் வாசிக்க ஒரு குறிப்பு எழுதிக் கொடுப்போம். தை மாதத்தில் அவ்வில்லங்களுக்குச் சென்று அவர்களோடு அமர்ந்து அதனை வாசிப்போம். வசனம் எங்களுக்கு இல்லையா என்று கேட்போருக்கு, உண்டு, எழுபது ஆண்டோடும் பட்டணத்தோடும் சேர்ந்து நம் அனைவருக்கும் உண்டு என்று அஞ்சாமல் கூறும் துணிவை ஆண்டவர் நமக்கு அருள்வாராக.