அடுப்படியில் ஆண்டவனைக் கண்ட சமையல்காரர்

பாரிஸ் நகர மடத்தில் ஓர் எளிய மனிதர் கற்ற பாடம்

கோவிலுக்குப் போக நேரம் இல்லை. முழங்காலில் நின்று ஜெபம் செய்ய நேரம் இல்லை. விடிந்தால் அடுப்பு. பொழுது சாய்ந்தால் பாத்திரம். இப்படி ஏங்கும் தாய்மார்கள் எத்தனையோ பேர்! ஆலையிலும் வயலிலும் பாடுபடும் ஆண்களுக்கும் இதே ஏக்கம் உண்டு.

"வேலை எல்லாம் முடியட்டும். பிறகு கடவுளை நினைக்கலாம்" என்று அவர்கள் நினைக்கிறார்கள். வேலை முடிகிறதா? முடிவதே இல்லை!

வேலை முடியும்வரை காத்திருக்க வேண்டாம், அந்த வேலையே ஜெபம் ஆகலாம் என்று வாழ்ந்து காட்டினார் ஒருவர். அவர் பாதிரியார் அல்ல. பெரிய படிப்புப் படித்தவரும் அல்ல. பாரிஸ் நகரத்தில் ஒரு மடத்தில் சமையல் செய்தவர். அவர் இறந்து 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆனாலும் அவர் சொன்னதை உலகம் எங்கும் கிறிஸ்தவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

அவர் பெயர் சகோதரர் லாரன்ஸ்.

இலை இல்லாத மரம்

பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் நிக்கலஸ் ஹெர்மன். லொரேன் என்ற நாட்டில், 1614-ம் ஆண்டு வாக்கில் பிறந்தார். லொரேன் இப்போது பிரான்சு தேசத்தின் ஒரு பகுதி. அப்போது அது தனி நாடு. அவருடைய குடும்பம் ஏழைக் குடும்பம்.

அவருக்கு 18 வயது இருக்கும். குளிர்காலம். வழியில் ஒரு மரம் நின்றது. அதில் ஓர் இலைகூட இல்லை. பட்டுப்போன மரம்போல நின்றது. அந்த மரத்தை அவர் பார்த்தார்.

"இந்த மரம் சாகவில்லை. கொஞ்ச நாளில் துளிர்க்கும். பிறகு பூக்கும். பிறகு காய்க்கும்" என்ற எண்ணம் அவருக்கு வந்தது. காய்ந்த மரத்தையும் தளிர்க்க வைக்கும் கடவுளின் வல்லமை அவர் மனதில் அன்று பதிந்தது. அந்தப் பதிவு கடைசிவரை அழியவில்லை.

புத்தகம் படித்து அவருக்கு அந்த ஞானம் வரவில்லை. பிரசங்கம் கேட்டும் வரவில்லை. தெருவில் நின்ற ஒரு மரம் பாடம் சொல்லிக் கொடுத்தது!

பட்டாளத்தில் பட்ட காயம்

அது யுத்த காலம். ஐரோப்பாவில் 1618 முதல் 1648 வரை 30 ஆண்டுகள் போர் நடந்தது. நிக்கலஸ் பட்டாளத்தில் சேர்ந்தார். எதிரிகள் அவரைப் பிடித்தார்கள். ஒற்றன் என்று சந்தேகப்பட்டார்கள். தூக்கில் போடுவதாகவும் மிரட்டினார்கள். எப்படியோ உயிர் தப்பினார். பிறகு நடந்த சண்டையில் அவருக்குக் காலில் காயம் பட்டது. அந்தக் கால் பிறகு சரியாகவே இல்லை. நொண்டி நொண்டித்தான் நடந்தார்.

பட்டாளத்தை விட்டுப் பாரிஸ் நகரத்துக்கு வந்தார். ஒரு பெரிய மனிதர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வேலையும் அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை. எதைத் தொட்டாலும் உடைத்துவிடுவார்! இதை அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

1640-ம் ஆண்டு, பாரிஸ் நகரில் கார்மேல் சபைத் துறவிகளின் மடத்தில் சேர்ந்தார். குருப்பட்டம் பெறாமல், மடத்தின் வேலைகளைச் செய்யும் "சகோதரர்" ஆனார். லாரன்ஸ் என்ற பெயர் அங்கேதான் அவருக்குக் கிடைத்தது.

எதற்காக மடத்தில் சேர்ந்தார்? எதையும் உடைத்துப் பழகிய தமக்கு, அங்கே சரியான தண்டனை கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். அதையே கடவுளுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். ஆனால் கடைசியில் கிடைத்தது நிம்மதிதான். கடவுள் தம்மை ஏமாற்றிவிட்டார் என்று வேடிக்கையாகச் சொல்வாராம்!

பிடிக்காத வேலை

மடத்தில் அவருக்குக் கிடைத்த வேலை சமையல்.

சமையல் வேலை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அடுப்புச் சூடு ஒரு பக்கம். நொண்டிக் கால் ஒரு பக்கம். ஒருவர் ஒன்று கேட்பார். அதைக் கொடுப்பதற்குள் இன்னொருவர் இன்னொன்று கேட்பார். இப்படி 15 ஆண்டுகள்!

அவர் மனதிலும் அமைதி இல்லை. மடத்தில் சேர்ந்தவுடன் எல்லாம் இன்பமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முதல் 10 ஆண்டுகள் அவர் மனதுக்குள் மிகவும் துன்பப்பட்டார். தமக்கு நரகம்தான் என்ற பயம் 4 ஆண்டுகள் அவரை வாட்டியது. யார் சொல்லியும் அந்தப் பயம் தீரவில்லை.

கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். மோட்சமோ, நரகமோ, எது கிடைத்தாலும் கிடைக்கட்டும். உயிர் உள்ளவரை, செய்யும் வேலையைக் கடவுள்மீது உள்ள அன்புக்காகச் செய்வது என்பதே அந்த முடிவு. துன்பம் தீராவிட்டாலும் பரவாயில்லை என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டார்.

அதன் பிறகுதான் அவர் மனம் மாறியது. பயம் போயிற்று. அமைதி வந்தது. அடுப்பு மாறவில்லை. பாத்திரம் மாறவில்லை. கூப்பிடுகிறவர்களின் சத்தமும் குறையவில்லை. மாறியவர் அவர்தான்!

ஒரு துரும்பும் காணிக்கை

சகோதரர் லாரன்ஸ் கையாண்ட வழி மிக எளிது. சிறு பிள்ளைக்கும் புரியும்.

வேலையைத் தொடங்கும்போது, உதவி செய்யும்படி கடவுளிடம் கேட்டார்.

வேலை செய்யும்போது, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் பேசுவதுபோல மனதுக்குள் கடவுளிடம் பேசினார்.

வேலை முடிந்தவுடன் அதைத் திரும்பிப் பார்த்தார். நன்றாக இருந்தால் நன்றி சொன்னார். தவறு இருந்தால் மன்னிப்புக் கேட்டார். அதோடு அதை விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார். தவறையே நினைத்து நினைத்துக் குமையவில்லை.

நினைப்பு வேறு பக்கம் ஓடினால் என்ன செய்வது? ஓடத்தான் செய்யும் என்றார் அவர். கோபப்படாமல், மெல்ல அதைத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும் என்றார்.

சட்டியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதையும் கடவுளுக்காகவே செய்வதாக அவர் சொன்னார். கீழே கிடக்கும் ஒரு துரும்பை எடுப்பதைக்கூடக் கடவுள்மீது உள்ள அன்புக்காகச் செய்யலாம் என்றார். வேலை பெரியதா, சிறியதா என்று கடவுள் பார்ப்பது இல்லை, அதில் உள்ள அன்பையே பார்க்கிறார் என்பது அவருடைய நம்பிக்கை.

மடத்தில் ஜெபத்துக்கு என்று குறித்த நேரம் உண்டு. அவரும் தவறாமல் ஜெபம் செய்தார். ஆனால் அந்த நேரத்துக்கும், சமையலறையில் பாத்திரங்கள் உருளும் நேரத்துக்கும் தமக்கு வித்தியாசம் தெரிவது இல்லை என்றார்.

பீப்பாய்மேல் உருண்ட துறவி

சமையல் தவிர, வேறு வேலையும் அவருக்கு வந்தது. மடத்துக்குத் திராட்சை மது வாங்குவதற்காக, அவரைத் தூரத்தில் உள்ள பர்கண்டிக்கு அனுப்பினார்கள். வியாபாரம் அவருக்குத் தெரியாது. கால் வேறு நொண்டி. படகில் நடக்க முடியாமல், பீப்பாய்களின்மேல் உருண்டு உருண்டுதான் இடம் மாறினார்!

ஆனாலும் அவர் கவலைப்படவில்லை. இது உம்முடைய வேலை என்று கடவுளிடம் சொல்லிவிட்டுக் காரியத்தில் இறங்கினார். பிறகு பார்த்தால், எல்லாம் ஒழுங்காக முடிந்திருந்தது.

வயதானபோது காலில் புண் அதிகமாயிற்று. நின்று சமைக்க முடியவில்லை. ஆகவே, உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். மடத்துத் துறவிகளின் செருப்புகளைத் தைப்பதுதான் அந்த வேலை. கரண்டி பிடித்த கை ஊசி பிடித்தது. ஜெபம் மட்டும் மாறவில்லை.

ஏசுநாதர் காட்டிய வழி

இது லாரன்ஸ் புதிதாகக் கண்டுபிடித்த வழியா? இல்லை. பைபிளைத் திறந்து பார்த்தால் தெரியும்.

ஏசுநாதரின் பேச்சைக் கேட்க வந்தவர்களில் பலர் மீன் பிடிப்பவர்கள், உழவர்கள், வீட்டுப் பெண்கள். அவர்களுக்குப் பாடம் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள் எவை? உப்பு, விளக்கு, கடுகு, மாவு, கிழிந்த துணிக்குப் போடும் ஒட்டு! எல்லாம் அவர்கள் வீட்டில் இருந்தவைதான்.

ஒரு பெண் கொஞ்சம் புளித்த மாவை எடுத்து, நிறைய மாவில் கலந்துவைக்கிறாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மாவு முழுவதும் புளித்துப் பொங்குகிறது. கடவுளின் ஆட்சியும் இப்படித்தான் சத்தம் இல்லாமல் வளரும் என்றார் ஏசுநாதர். தோசைக்கு மாவு கரைக்கும் வீட்டில் இதற்கு விளக்கம் தேவை இல்லை.

இன்னொரு பெண்ணிடம் 10 வெள்ளிக்காசு இருந்தது. ஒன்று தொலைந்துவிட்டது. அவள் விளக்கை ஏற்றினாள். வீட்டைக் கூட்டினாள். மூலை முடுக்கு எல்லாம் தேடினாள். கிடைத்தவுடன் அக்கம் பக்கத்துப் பெண்களை அழைத்துச் சொல்லி மகிழ்ந்தாள். வழி தவறிய ஒரு மனிதன் திரும்பி வந்தால், அப்படித்தான் விண்ணுலகம் மகிழ்கிறது என்றார் அவர். கடவுளின் அன்பை விளக்க, வீடு கூட்டும் பெண்ணை அவர் உவமையாகச் சொன்னார்!

ஏசுநாதரும் தச்சுவேலை செய்தவர்தான். ஊரார் அவரைத் தச்சன் என்றே அழைத்ததாகப் பைபிள் சொல்கிறது.

கார்மேல் சபையைச் சீர்திருத்தியவர் ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த அவிலா தெரேசா அம்மையார். 1582-ம் ஆண்டு காலமானார். சமையலறைப் பானைகளின் நடுவிலும் ஆண்டவர் இருக்கிறார் என்று அவர் தம் சபைப் பெண்களுக்கு எழுதினார். அந்த நினைப்போடு பானைகளின் நடுவில் 15 ஆண்டுகள் நின்றவர் லாரன்ஸ்.

தேடி வந்தவர்கள்

செருப்பு தைக்கும் சகோதரரின் பெயர் மெல்ல மெல்ல வெளியே பரவியது. 1666-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி, ஜோசப் டி போபோர் என்ற குரு முதன்முதலாக அவரைச் சந்தித்துப் பேசினார். பிறகும் பல முறை வந்தார். கேட்டதை எழுதி வைத்துக்கொண்டார். பிற்காலத்தில் பேராயரான பெனலோன் என்ற புகழ்பெற்ற அறிஞரும் லாரன்சை நேரில் கண்டு பேசியவர்.

1691-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி லாரன்ஸ் காலமானார். அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கிவிட்டது. அவர் புத்தகம் எதுவும் எழுதி வெளியிடவில்லை. சில கடிதங்களை எழுதியிருந்தார். அவற்றையும், தாம் எழுதி வைத்த பேச்சுகளையும் போபோர் 1692, 1694-ம் ஆண்டுகளில் அச்சிட்டார். அந்தச் சிறு நூல் பல மொழிகளுக்குப் போயிற்று. மெதடிஸ்டு சபையைத் தொடங்கிய இங்கிலாந்துக்காரர் ஜான் வெஸ்லி, தாம் வெளியிட்ட நூல் வரிசையில் அதன் பகுதிகளைச் சேர்த்தார். கத்தோலிக்க மடத்துச் சமையல்காரரின் சொல்லைப் புராட்டஸ்டன்டு மக்களும் விரும்பிப் படித்தார்கள்.

பாரிஸ் நகரில் வோழிரார் தெருவில் அந்த மடத்தின் கோவில் இன்றும் இருக்கிறது.

சமையல் பிடிக்காதவர். கால் ஊனமானவர். எதைத் தொட்டாலும் உடைத்தவர். மனப்பயத்தால் ஆண்டுக்கணக்கில் வாடியவர். அப்படிப்பட்டவரே கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கடவுளோடு பேச முடிந்தது என்றால், நேரம் இல்லையே என்று ஏங்குகிறவர்களுக்கு அதைவிட நல்ல செய்தி வேறு என்ன வேண்டும்? உலை கொதிக்கும்வரை காத்திருக்கும் அந்த ஐந்து நிமிஷமே போதும், தொடங்குவதற்கு!