பிள்ளை பெற்ற ஸ்திரீகளுக்குக் கேசம் உதிர்தல்

குழந்தை பிறந்து மூன்று மாதங்கள் சென்றபின், தலை வாரும் சீப்பிலும், தலையணையிலும், ஸ்நான அறையின் ஜலதாரையிலும் தன் கேசம் கொத்துக் கொத்தாய்க் கிடப்பதைக் கண்டு திகிலடையாத தாய்மார் சிலரே. குழந்தை தாய் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாயின் கேசம் உதிரும் என்று முதிய ஸ்திரீகள் சொல்வதுண்டு. இதனைக் கேலி செய்வதற்கில்லை. காரணம் வேறாயினும் காலக்கணக்குச் சரியாகவே இருக்கிறது. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கும் பருவம் இரண்டாவது, மூன்றாவது மாதம். கேசம் உதிரத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே காலந்தான்.

விவசாயம் பற்றிய ஏட்டில் இவ்விஷயத்திற்கு இடமேது என்று சிலர் கேட்கக்கூடும். இதற்கு வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவை குடியானவர் வீட்டுக் கொல்லையிலும் குதிரிலும் உள்ளவை. அவற்றில் எவ்வளவு விற்பது, எவ்வளவு வீட்டுச் செலவிற்கு நிறுத்திக் கொள்வது என்பதைத் தீர்மானிப்பவர் குடும்பத் தலைவரே. கேசம் வளர்ப்பதாகச் சொல்லி விற்கப்படும் தைலப் புட்டிகளுக்கான பணமும் அதே விளைச்சலிலிருந்துதான் போகிறது. ஆதலால் இது ஸ்திரீகள் மட்டும் அறிய வேண்டிய சங்கதி என்று ஒதுக்கிவிடலாகாது.

மனிதர் தலையில் சுமார் 1,00,000 மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் மாதத்திற்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வீதம் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, பிறகு வளர்ச்சி நின்று, சுமார் 3 மாதங்கள் வேர்ப்பையில் ஓய்ந்திருந்து விழுந்துவிடுகிறது. அதே வேர்ப்பையிலிருந்து புதிய மயிர் முளைக்கிறது. தென்னந்தோப்பில் ஒவ்வொரு மரமும் தன் தன் காலத்தில் மட்டையைக் கழிப்பது போல, மயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாய் முறை வைத்து விழுவதால், நாள்தோறும் 50 முதல் 100 வரை உதிர்ந்தாலும் எவருக்கும் தெரிவதில்லை. கர்ப்ப காலத்தில் இவ்வொழுங்கு மாறுகிறது. அப்போது ரத்தத்தில் மிகும் ஈஸ்ட்ரோஜன் முதலிய சுரப்புகள், ஓய்வு நிலைக்குப் போக வேண்டிய மயிர்களையும் வளரும் நிலையிலேயே நிறுத்தி வைக்கின்றன. கர்ப்பிணியின் கூந்தல் அடர்த்தியாகத் தோன்றுவது இதனாலேயே. பிரசவமானதும் அச்சுரப்புகள் திடீரெனக் குறைய, தடுத்து வைக்கப்பட்டிருந்த மயிர்கள் ஒருசேர ஓய்வு நிலையை அடைந்து, அதன் காலம் முடிந்ததும் ஒருசேர உதிர்கின்றன. இவ்வகை உதிர்வுக்கு 1961ஆம் ஆண்டில் அமெரிக்கத் தோல் வைத்தியர் ஆல்பர்ட் கிளிக்மன் 'டெலோஜன் எஃப்ளூவியம்' என்று பெயரிட்டார். ஓய்வு நிலை மயிர்கள் ஒழுகுதல் என்பது அதன் பொருள்.

ஆகவே உதிர்பவை முன்னமே விழ வேண்டியவை. தாமதித்து விழுகின்றன, அவ்வளவே. இலையுதிர்ந்த மரம் வேறு, பட்டமரம் வேறு. இங்கே வேர்ப்பை உயிருடன் இருக்கிறது. நெற்றியோரத்தில் பூனைமயிர் போல் குட்டை மயிர்கள் நிமிர்ந்து நிற்பதைக் கண்டால் புதுமுளைப்பு தொடங்கிவிட்டதென்று தெரிந்து கொள்ளலாம். பெரும்பாலோருக்குக் குழந்தையின் ஆண்டு நிறைவுக்குள் கூந்தல் பழைய அளவை அடைந்துவிடுகிறது.

தைல வியாபாரம் செழிப்பதும் இவ்வுண்மையைக் கொண்டேதான். நான்காவது மாதம் தடவத் தொடங்கிய எந்த எண்ணெயும் ஒன்பதாவது மாதத்தில் பலன் தந்ததாகவே தோன்றும். மழை வரும் தறுவாயில் எருவை விற்றவன், விளைச்சல் முழுவதும் தன் எருவினால் வந்ததென்று சொல்லிக் கொள்வதைப் போன்றது அது.

ஆனால் எல்லோருக்கும் இவ்வளவு எளிதாய் முடிவதில்லை. விதை நன்றாயிருந்தும் மண்ணில் சத்தில்லையேல் பயிர் எழும்பாதது போல, தாயின் சரீரத்தில் சத்துக் குறைந்திருப்பின் உதிர்வு நீடிக்கும்; முளைப்பவையும் மெலிந்து முளைக்கும். இங்கே முதலில் கவனிக்க வேண்டியது ரத்த சோகை. பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போனால் அதனுடன் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்புச் சத்து போய்விடுகிறது. பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 23 மில்லிகிராம் இரும்புச் சத்து ஆகாரத்தில் வேண்டுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் கணித்தது. தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பில் ஒரு சிறு பங்கே சரீரத்தில் சேர்வதால், இழந்ததை வெறுஞ்சோற்றைக் கொண்டு ஈடு செய்வது இயலாத காரியம். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் 100க்கு 57 பேருக்குச் சோகை காணப்பட்டது.

இரும்பு மட்டுமே குறைவென்று எண்ணுவதும் சரியன்று. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மாது, அங்கே கர்ப்பிணிகளைப் பீடித்திருந்த கடுஞ்சோகையை ஆராய்ந்து, சத்தற்ற ஆகாரமே அதற்குக் காரணமென்றும், ஈஸ்ட் சாரம் கொடுத்தால் அது தீருமென்றும் 1931இல் வெளியிட்டார். அச்சாரத்திலிருந்த சத்து ஃபோலிக் அமிலம் என்பது பிற்பாடு தெளிவாயிற்று. கீரைகளிலும் பயறு வகைகளிலும் அது இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு ஆகாதென்று பல வீடுகளில் விலக்கப்படுபவையும் இவையே.

பத்திய முறை முழுவதையும் குறை கூறுவது நியாயமன்று. பூண்டுக் குழம்பு, முருங்கைக் கீரை, சுறாப் புட்டு, உளுந்தங்களி, நல்லெண்ணெய் ஆகியவற்றைச் சேர்க்கும் பத்தியம் மிகவும் மெச்சத்தக்கது. அவ்வழக்கத்தைக் கைவிடாதிருப்பதே நலம். கெடுதி விளைவிப்பது, மாதக்கணக்கில் சோறும் மிளகு ரசமும் மாத்திரம் கொடுத்து, பருப்பு வாயு என்றும், கீரை மந்தம் என்றும், பழம் சீதளம் என்றும் தள்ளி, தாகத்திற்குத் தண்ணீரும் அளந்து கொடுக்கும் முறையே. அதனினும் கொடிது, எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை அவள் உண்பது. கன்று ஈன்ற பசுவிற்குத் தீவனத்தைக் குறைக்கும் குடியானவர் எவரும் இல்லை. புண்ணாக்கையும் பருத்திக்கொட்டையையும் தவிட்டையும் கூட்டி வைத்து, பால் வற்றுகிறதா, விலா எலும்பு தெரிகிறதா என்று நாள்தோறும் பார்க்கிறார்கள். அதே வீட்டில் பாலூட்டும் மருமகளின் வட்டிலில் என்ன விழுகிறதென்று பார்ப்பவர் எத்தனை பேர்? முதல் 6 மாதங்களில் அவளுக்கு நாளொன்றுக்கு வழக்கத்தைவிடச் சுமார் 600 கலோரி அதிகமாக வேண்டும். ஒரு வேளை உணவே கூடுதலாக வேண்டுமென்பது இதன் கருத்து.

இதற்குக் கடைச்சரக்கு அதிகம் தேவையில்லை. கேழ்வரகையும் கம்பையும் முழுவதும் சந்தைக்கு அனுப்பாமல் வீட்டிற்கென்று சில மூட்டைகள் நிறுத்திக் கொள்ளலாம். இரும்புச் சத்து மிகும்படி தேர்ந்தெடுக்கப்பட்டு 2014இல் நாடு முழுவதற்கும் வெளியிடப்பட்ட 'தனசக்தி' கம்பில் கிலோவிற்குச் சுமார் 71 மில்லிகிராம் இரும்பு உண்டு. கேழ்வரகை ஊற வைத்து முளைகட்டி உலர்த்தி அரைத்தால், இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும் பொருள் குறைந்து சத்து கூடுதலாய்ப் பயன்படும். எள், உளுந்து, பச்சைப் பயறு, முட்டை, மீன், புலால் உண்போர்க்கு ஆட்டு ஈரல் ஆகியவை சிறந்தவை. கீரை உணவுடன் எலுமிச்சஞ்சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அதிலுள்ள இரும்பு எளிதில் சேரும். சாப்பிட்டவுடன் தேயிலைப் பானமோ காப்பியோ அருந்தினால் அது வீணாகும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுதல் நலம்.

முருங்கையைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியகுளத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பி.கே.எம். 1 செடிமுருங்கையை ஒன்றரை அடிக் குழியில் விதைத்து, செடி 75 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து, கைக்கெட்டும் உயரத்திலேயே கீரை கிடைக்கும். வீட்டில் ஒரு பெண் கருவுற்ற செய்தி தெரிந்ததும் கிணற்றடியில் இரண்டு குழி போட்டுவிட்டால், குழந்தை பிறக்கும் வேளையில் கீரைக்குப் பிறர் வேலியை நாட வேண்டியதில்லை.

ஆகாரத்துடன் மாத்திரையும் வேண்டும். 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் அடங்கிய மாத்திரையைப் பிரசவத்திற்குப் பின்னும் 180 நாட்கள் தினம் ஒன்று வீதம் உட்கொள்ள வேண்டுமென்பது 2018இல் தொடங்கிய 'அனீமியா முக்த் பாரத்' திட்டத்தின் விதி. அரசாங்க சுகாதார நிலையங்களில் இது இலவசம். உட்கொண்டபின் மலம் கறுத்துப் போவது கண்டு பயந்து, பலர் பொட்டலத்தைப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். அது மாத்திரையின் நிறமேயன்றி வியாதியன்று. கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்கத்தக்க வேறொரு குறையும் உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் ஆவதால் பெண்ணின் பதிவும் மாத்திரையும் அவ்வூரிலே இருக்கின்றன. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையுடன் புக்ககம் வந்து சேரும்போது மாத்திரை நின்றுபோகிறது. கேசம் உதிர்வதும் அப்போதே. புது இடத்துத் தண்ணீர் என்றும் கண்ணேறு என்றும் பேச்சு எழுமேயொழிய, கிராம சுகாதாரச் செவிலியரிடம் அவள் வந்த செய்தியைச் சொல்பவர் இல்லை. அதைச் சொல்லி மாத்திரை தொடர்ந்து கிடைக்கச் செய்வது ஊர்ப் பெரியோர் எளிதிற் செய்யக்கூடிய உபகாரம்.

இனி வெளிப்பூச்சும் தலைமுழுக்கும். எந்த எண்ணெயும் உதிர்வை நிறுத்தாது. ஆயினும் இருக்கும் கேசம் முறியாமல் காப்பதில் தேங்காய் எண்ணெய் மேலானது. அது மயிரின் உள்ளே ஊறிப் புரதம் கழிந்து போவதைக் குறைப்பதாகவும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு செய்வதில்லையென்றும் 2003இல் வெளியான சோதனையொன்று காட்டிற்று. தலைமுழுகுவதற்கு அரைமணி முன்பாக, விரல் நுனியால் அழுத்தித் தேய்க்காமல் தடவினால் போதும். கரிசலாங்கண்ணிச் சாற்றைத் தேங்காய் எண்ணெயிலிட்டு, நீர் சுண்டிச் சடசடப்பு அடங்கும் வரை காய்ச்சி வடித்த தைலத்தைச் சிலர் விரும்புவர். எலிகளின்மீது செய்த சோதனையில் கரிசலாங்கண்ணி மயிரை வளர்த்ததுண்டு. பிள்ளை பெற்றவர்களுக்கு அது பலிக்குமென்று ருசுவாகவில்லை. செலவற்றதாதலால் வைத்துக் கொள்வதில் தடையில்லை. கறிவேப்பிலையை எண்ணெயில் கருக்குவதைவிட, சாப்பிடும்போது ஒதுக்காமல் உண்பதே லாபம்.

தலைமுழுக்கிற்குச் சீயக்காயுடன் பச்சைப் பயறும் சிறிது வெந்தயமும் உலர்ந்த செம்பருத்தி இலையும் சேர்த்து அரைத்த தூள் நல்லது. வெறும் சீயக்காய் கேசத்தை வறளச் செய்யும். வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்ப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஈரக் கூந்தலைத் துண்டால் அடித்து உலர்த்துவதும், உடனே சிக்கெடுப்பதும், ஈரத்தோடு முடிந்து கொள்வதும் மயிரை முறிக்கும். அகன்ற பல்லுள்ள மரச்சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து, தளரப் பின்னிக் கொள்ள வேண்டும். இழுத்துப் பின்னிய சடையும் கனத்த பூச்சரமும் சில மாதங்கள் பொறுத்திருக்கலாம். கதவடைத்த அறையில் சாம்பிராணிப் புகை போட்டுக் கேசம் உலர்த்துவது குழந்தையின் சுவாசப்பைக்கு ஆகாது. வெயிலும் காற்றும் போதும்.

உதிரும் கேசத்தால் குழந்தைக்கு நேரக்கூடிய அபாயம் ஒன்றுண்டு. தாயின் மயிர் ஒன்று குழந்தையின் கால்விரலிலோ கைவிரலிலோ, சில வேளை ஆண்குறியிலோ சுற்றிக் கொண்டு, நூலால் இறுக்கியது போல் ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். விரல் வீங்கிச் சிவந்து பின் நீலம் பாரிக்கும். கவனியாவிடில் விரலே போய்விடக்கூடும். வயிறு நிறைந்தும் காரணமின்றிக் குழந்தை வீறிட்டழுதால் உரமென்றும் தோஷமென்றும் தேடுமுன் காலுறையைக் கழற்றி ஒவ்வொரு விரலாய்ப் பார்க்க வேண்டும். மயிர் தோலுக்குள் புதைந்து எடுக்க வராவிடில் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். தாய் கூந்தலை முடிந்து கொண்டு குழந்தையை எடுப்பதும், துணிகளை உதறி உடுத்துவதும் இதற்குக் காவல்.

ஓராண்டு கடந்தும் உதிர்வு நில்லாதிருத்தல், வட்ட வட்டமாய் வழுக்கை விழுதல், வகிடு நாளுக்கு நாள் அகலுதல், தலையில் புண்ணோ கடும் அரிப்போ காணுதல் ஆகியவை சாதாரண உதிர்வின் குணங்கள் அல்ல. நாக்கும் கண்ணிமையின் உட்புறமும் வெளுத்து, படியேறினால் மூச்சிரைத்தால் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். பிள்ளை பெற்றவர்களில் 100க்குச் சுமார் 5 பேருக்கு முதல் ஆண்டிற்குள் தைராய்டுச் சுரப்பியில் அழற்சி உண்டாகிறது. ஓயாத அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், எதிலும் மனம் செல்லாமை ஆகியவை கேச உதிர்வுடன் சேர்ந்து வருமாயின், அதனைச் சோம்பல் என்று ஏசாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். கேசத்திற்கென்று கடைகளில் விற்கும் பயோட்டின் மாத்திரை தைராய்டுச் சோதனையின் கணக்கைத் தவறாகக் காட்டக்கூடும். அதை உட்கொண்டு வருபவர்கள் ரத்தம் கொடுக்குமுன்பே வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும்.