எல்லையோரம் – 9: வீட்டுக்குள் நுழையாத அலை

ஓசூரை ஒட்டிய ஜூஜூவாடிக்கும் கர்நாடகத்து அத்திப்பள்ளிக்கும் இடையே சரக்கு லாரிகள் வரிசை பிடித்து நின்ற காலத்தைச் சென்ற வாரம் எழுதினேன். 2017-ல் சரக்கு சேவை வரி வந்து அந்த வரிசையைக் கலைத்துவிட்டது. ஆனால் அதே சாலையின் குறுக்கே, கண்ணுக்குப் புலப்படாத வேறோர் எல்லைக்கோடு இன்னமும் கிடக்கிறது. தேசத்தைப் பல வட்டங்களாகப் பிரித்து, வட்டத்துக்கு வட்டம் அலைவரிசையைத் தனித்தனியே ஏலம் விடுவது தொலைத்தொடர்பு இலாகாவின் முறையாகையால், ஓசூர் தமிழ்நாடு வட்டத்திலும், கூப்பிடு தூரத்து அத்திப்பள்ளி கர்நாடக வட்டத்திலும் அடங்கின. அசோக் லேலண்டிலோ டைட்டனிலோ ஷிப்ட் முடித்து எல்லை தாண்டி வீடு திரும்பிய தொழிலாளி, தன்னைத் தேடி வந்த அழைப்பை எடுப்பதற்கும் ரோமிங் கட்டணம் அழுத காலம் ஒன்று இருந்தது. எண்ணை மாற்றிக்கொள்ளாமலே வட்டம் விட்டு வட்டம் போகும் உரிமை 2015 ஜூலை 3-ஆம் தேதிதான் கிடைத்தது; ரோமிங் கட்டணமோ, 2016 செப்டம்பரில் ஜியோ புகுந்ததற்கும் 2017 ஏப்ரலில் ஏர்டெல் இறங்கி வந்ததற்கும் பிறகே ஒழிந்தது.

பணக் கஷ்டம் இவ்வாறு தீர்ந்த பின்னும் வீட்டுக்குள் டவர் எடுக்காத கஷ்டம் அப்படியே நிற்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி, மூக்கண்டப்பள்ளி போன்ற இடங்களில், சுவரோடு சுவர் உரச எழுந்திருக்கும் வாடகைக் குடியிருப்புகளில், தெருவில் தெளிவாகக் கேட்ட குரல் மாடிப்படி ஏறி நடுக்கூடத்துக்கு வருவதற்குள் அறுந்துபோவதைக் குடித்தனக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். கான்கிரீட்டுக்குள் பின்னிய இரும்புக் கம்பியும், உலோகப் பூச்சுள்ள ஜன்னல் கண்ணாடியும், பட்டறைகளின் தகர ஷீட்டும் அலையை விழுங்கவோ திருப்பி அனுப்பவோ செய்கின்றன. வாசலில் மைனஸ் 80 டிபிஎம் காட்டும் தொலைபேசி உள்ளறையில் மைனஸ் 110 காட்டுமானால், அலையின் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வந்திருக்கிறது என்று அர்த்தம். 900 மெகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு சுவரை ஊடுருவும். 5ஜி-க்கு முக்கியமாக உபயோகப்படும் 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலையோ சுவரைக் கண்டதுமே தளர்ந்துவிடும்.

இந்த நிலையில் ஜனங்கள் நாடுவது பூஸ்டர் பெட்டியை. மொட்டை மாடியில் ஓர் ஆன்டெனா, அங்கிருந்து இறங்கும் ஒரு கேபிள், இடையில் ஓர் ஆம்ப்ளிஃபையர், கூடத்தில் இன்னோர் ஆன்டெனா. இவ்வளவுதான் அதன் சூட்சுமம். கல்யாண வீட்டு மைக் தன் ஒலிபெருக்கியின் ஓசையைத் தானே கேட்டு ஊளையிடுவதுபோல, மாடி ஆன்டெனாவும் கூடத்து ஆன்டெனாவும் ஒன்றையொன்று கேட்குமாறு அமைந்துவிட்டால் அந்தப் பெட்டி வெறும் இரைச்சலையே ஊரெல்லாம் ஒலிபரப்ப ஆரம்பித்துவிடும். அவ்விரைச்சல் கைபேசிக் கோபுரத்தின் காதில் விழுந்து, அக்கம்பக்கத்து வீடுகளின் மெல்லிய குரல்களை அமுக்கிவிடும். ஒன்று போதாதென்று மாடிக்கு ஒன்றாக மூன்று வைப்பவர் மூன்று மடங்கு விபரீதத்தையே விலைக்கு வாங்குகிறார். வடக்கு நோக்கிய ஆன்டெனா கர்நாடகக் கோபுரத்தின் அலையை வாரிக்கொண்டு வந்து கிருஷ்ணகிரி மாவட்டத்து வீட்டில் கொட்டுவது எல்லையோரத்துக்கே உரிய உபரித் தொல்லை. 1933-ஆம் வருஷத்து வயர்லெஸ் தந்திச் சட்டம் அனுமதியின்றி வயர்லெஸ் சாதனத்தை வைத்திருப்பதையே குற்றமாக்கியிருந்தது. உரிமம் பெற்ற தொலைபேசிக் கம்பெனியைத் தவிர வேறு யாரும் பூஸ்டரை வைத்திருப்பதோ விற்பதோ உபயோகிப்பதோ சட்டவிரோதம் என்று 2022-ல் தொலைத்தொடர்பு இலாகா பகிரங்கமாகவே எச்சரித்தது. அலைவரிசையை ஏலத்தில் எடுத்தவன் ஒருவன் இருக்க, அதில் நம் இஷ்டப்படி முழங்குவது அடுத்தவன் வயலில் மடை திறப்பதற்குச் சமம் என்பதால், இந்த விஷயத்தில் சட்டத்தின் பக்கமே நான் நிற்கிறேன்.

காற்றில் வரும் அலையைப் பெருக்குவதை விட்டு, வீட்டு இணைய இணைப்பு வழியாகவே குரலைக் கொண்டுவந்தால் என்ன என்று மேல்நாட்டார் யோசித்ததன் பலன்தான் ஃபெம்டோசெல் என்னும் குட்டிக் கோபுரம். அமெரிக்காவில் ஸ்பிரிண்ட் கம்பெனி 2008-லும், பிரிட்டனில் வோடஃபோன் 2009-லும் இதைப் பொதுஜன உபயோகத்துக்குக் கொண்டுவந்தன. கம்பெனியே கொடுக்கும் இந்தப் பெட்டி, ரூட்டரோடு இணைந்து, கம்பெனியின் மத்திய நிலையம்வரை ரகசியச் சங்கேதத்தால் பூட்டிய ஒரு சுரங்கப்பாதையை இணையத்துக்குள்ளேயே அமைத்துக்கொள்ளும். வோடஃபோன் பெட்டியில் ஒரே சமயத்தில் நால்வர் பேச முடிந்தது. பெரிய வீட்டுக்காரர்கள் ஒரே இணைப்பில் இரண்டு மூன்று பெட்டிகளை வைக்க முயன்றபோதுதான் சிக்கல்கள் தலைதூக்கின. பேச்சுக்கு வேண்டிய வேகம் மிகச் சொற்பம். ஓர் அழைப்புக்கு நூறு கிலோபிட்கூட ஆகாது. ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிச் சுரங்கம் வேண்டும். அதற்கான 500, 4500 என்ற யூடிபி வாசல்களை ரூட்டர் மறிக்காமல் விடவேண்டும். ஒரே அலைவரிசையில் பேசும் பெட்டிகள் அருகருகே இருந்தால் ஒன்றின் குரலை மற்றது கெடுக்கும். தான் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரிந்தாலொழிய பெட்டி வேலை செய்யாது. ஸ்பிரிண்டின் பெட்டி இதற்கென்றே ஜிபிஎஸ் ஆன்டெனாவைச் சுமந்திருந்தது. ஓசூரில் கொடுத்த பெட்டியை ஒருவர் பையில் போட்டுக்கொண்டு அத்திப்பள்ளியில் செருகினால் அது வேறொரு வட்டத்து அலைவரிசையில் அத்துமீறிப் பேசுவதாகும் அல்லவா?

இந்திய வீடுகளில் இந்தப் பெட்டி வேரூன்றுவதற்கு முன்பே, அது செய்த காரியத்தைத் தொலைபேசியே செய்துகொள்ளும் வைஃபை காலிங் வந்து சேர்ந்தது. 2019 டிசம்பரில் ஏர்டெலும், 2020 ஜனவரியில் ஜியோவும் இதைத் தொடங்கின. அதே சுரங்கப்பாதையைக் கைபேசியே திறந்துகொள்வதால், வீட்டுக்குள் வேண்டியதெல்லாம் நல்ல வைஃபை ஒன்றுதான். அதற்கு உரிமம் அவசியமில்லை. ஆகவே ‘பல பூஸ்டர்’ ஆசை இங்கே ‘பல ரூட்டர்’ என்று நியாயமான உருவம் கொள்கிறது. மாடிக்கு ஒரு ரூட்டரை வைத்து, ஒவ்வொன்றுக்கும் லேன் கேபிள் இழுப்பதே உத்தமம். காற்றிலேயே வாங்கிக் காற்றிலேயே கொடுக்கும் மலிவான ரிப்பீட்டர், வாங்கும் வேலைக்கும் கொடுக்கும் வேலைக்கும் ஒரே ரேடியோவை நம்பியிருப்பதால், வேகத்தில் பாதியை விழுங்கிவிடும். ஐபி முகவரி வழங்கும் பொறுப்பை முதல் ரூட்டரிடமே விட்டு, மற்றவற்றில் அதை நிறுத்திவிடவேண்டும். பெயரும் பாஸ்வேர்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவும், 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 என்று வெவ்வேறாகவும் இருக்கட்டும். படியேறும்போதும் பேச்சு அறாமல் தொடர்வதற்கு இவை பெரிதும் உதவும்.

கரண்ட் போனால் ரூட்டரோடு பேச்சும் போய்விடும் என்பது இதன் பலவீனம். ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் சேர்த்து ஒரு மினி யுபிஎஸ் வாங்கி வைப்பதைச் சிக்கனம் கருதித் தள்ளிப்போட வேண்டாம். இன்னொன்று, உயிர் சம்பந்தமானது. கோபுரத்தின் வழியே போகும் அழைப்பு, எந்தக் கோபுரம் என்பதை வைத்து இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வைஃபை வழியே போகும் அழைப்புக்கு அந்த அடையாளம் இல்லை. கோபுரத்தின் வழியே போனாலும், ஜூஜூவாடியில் நிற்பவரின் கைபேசி கர்நாடகக் கோபுரத்தைப் பிடித்திருந்தால் 112 என்ற அவசர எண்ணுக்குப் போட்ட அழைப்பு அந்த ராஜ்யத்துக் கட்டுப்பாட்டு அறைக்கே போய்ச் சேரலாம். எனவே நெஞ்சுவலி என்றோ தீப்பிடித்தது என்றோ சொல்வதற்கு முன்பாக, “தமிழ்நாடு, கிருஷ்ணகிரி மாவட்டம், ஓசூர்” என்று தொடங்கித் தெருப் பெயர்வரை சொல்லும் பழக்கத்தை வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் கற்பித்து வையுங்கள்.

(தொடரும்)