பூவாத மரத்தின் பெயர்

பூத்துக் குலுங்கும் மரத்தின் பெயரைச் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். பூவும் காயும் இல்லாத நாளில், பட்டையையும் இலையையும் மட்டும் பார்த்துச் சொல்வதன்றோ கடினம்! அத்தகைய சோதனை ஒன்று நமக்கு ராயகிரியில் நேர்ந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர் அது. ஆனி பிறந்துவிட்டால் அங்கே காற்றுக்கு ஓய்வில்லை. நமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்றைக் காணச் சென்றிருந்தோம். ஓட்டு வீட்டை ஒட்டியே ஒரு மரம், கூரைக்கு மேலும் இரண்டு ஆள் உயரம் வளர்ந்து நின்றது. வீட்டுத் தலைவரின் தந்தையார் ஆறு ஆண்டுகளுக்கு முன்பு எங்கிருந்தோ கொணர்ந்து நட்டாராம். பெயரைச் சொல்லாமலேயே கண்மூடிவிட்டார். தகப்பன் வைத்த மரத்தை வெட்ட மகனுக்கு மனமில்லை. ஓட்டின்மேல் சாய்ந்துவிடுமோ என்னும் அச்சமும் விடவில்லை. பாட்டியம்மாளுக்கோ வேறு கணக்கு.

"சாமி, இது ஏதோ மலைமுருங்கைதான். பட்டையப் பாருங்களேன். ஒரு நாள் கொழுந்தக் கிள்ளி வதக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

பெயர் தெரியாத இலை அடுப்பேறுவதில் நமக்குச் சம்மதமில்லை. ஆகவே அவ்விடத்திலேயே ஆராய்ச்சியைத் தொடங்கினோம்.

பட்டை சாம்பல் நிறம். நெடுக வெடித்து, நகத்தால் அழுத்தினால் தக்கைபோல் உள்வாங்கியது. முருங்கைப் பட்டையும் ஏறத்தாழ இவ்வாறே இருக்குமாதலால் பாட்டியம்மாள் சொன்னதில் பிழையில்லை. இலையும் அவர் பக்கமே பேசுவதுபோல் தோன்றிற்று. வேம்பின் இலையில் ஒரே காம்பின் இருமருங்கும் சிற்றிலைகள் நேரே அமைந்திருக்கும். இங்கோ காம்பு கிளைத்து, கிளைத்தது மீண்டும் கிளைத்து, அதன் பிறகே சிற்றிலைகள் தோன்றின. முருங்கையும் அப்படித்தான்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். முழத்துக்கும் மேல் நீண்ட அந்த முழு அமைப்பே ஓர் இலை என்பதை மறந்து, சிற்றிலையை இலையென்று எண்ணிவிடுகிறோம். மொட்டு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். சிற்றிலையின் அடியில் மொட்டு இராது; முழு இலை கிளையோடு சேரும் கக்கத்தில்தான் இருக்கும். அவ்விடத்தைக் கண்டுகொண்டபின் பார்த்தால், இலைகள் கிளையில் எதிரெதிராக, இணை இணையாக நின்றன. முருங்கையில் இலைகள் மாறி மாறி அமையும். மயிற்கொன்றை, இயல்வாகை, தூங்குமூஞ்சி ஆகிய அழகு மரங்களிலும் அவ்வாறே. ஆக, ஒரே பார்வையில் நான்கு மரங்கள் கழிந்தன. நீலப்பூச் சொரியும் ஜகரண்டாவில் இலைகள் எதிரெதிரேதான். ஆனால் அதன் சிற்றிலைகள் மிகப் பொடியானவை. நம் கையில் இருந்ததோ இரண்டு அங்குல நீளமும் கூரிய நுனியும் உடையது. கசக்கி முகர்ந்தோம்; முருங்கையின் நெடி இல்லை.

"மரமல்லி, பாட்டி" என்றோம்.

பாட்டியம்மாளுக்குச் சற்றே ஏமாற்றம்தான்.

மரமல்லி நம் மலைக்குரியதன்று. மியன்மார், தாய்லாந்துப் பக்கத்தது. எனினும் நூலுலகில் அதற்குப் பெயர் வந்தது தமிழகத்து மரத்தால்தான். தஞ்சாவூர்த் தோட்டமொன்றில் நின்ற மரத்தின் மாதிரியைக் கொண்டே இளைய லின்னேயஸ் 1782-இல் அதனை விவரித்து, மில்லிங்டோனியா ஹார்ட்டென்ஸிஸ் என்று பெயரிட்டார். பின்னொட்டுக்குத் 'தோட்டத்தைச் சார்ந்தது' என்பது பொருள். முன்பகுதி தாமஸ் மில்லிங்டன் என்னும் ஆங்கில மருத்துவரை நினைவூட்டுவது. பூவின் மகரந்தக் காம்புகளே ஆண் உறுப்புகள் என்னும் கருத்தைத் தமக்குச் சொன்னவர் அவரே என்று நெகேமியா குரூ தம் 1682-ஆம் ஆண்டு நூலில் குறித்திருக்கிறார். திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் தந்த பாதிரி மரமும் இதற்கு உறவுதான். தமிழகச் செடிகொடிகளை ஊர் ஊராகத் திரட்டி, 1980-களில் பெரும் தொகுதிகளாக வெளியிட்ட திருச்சி தூய வளனார் கல்லூரியின் இயேசு சபைத் துறவி கே. எம். மாத்யூ அடிகளாரை இவ்விடத்தில் நன்றியோடு நினைத்தோம்.

பெயர் தெரிந்ததும் வீட்டுத் தலைவரின் கேள்விக்கும் விடை கிடைத்தது, இனிய விடையன்று. மரமல்லி அறுபது அடிக்கு மேலும் வளரும். நாற்பது ஆண்டுகள் வரை நிற்கும். ஆனால் அதன் கட்டை முறியும் இயல்பினது. பலத்த காற்றில் கிளை ஒடியும். வேரிலிருந்தும் கன்றுகள் கிளம்பும். கூரையோரம் நடத்தக்க மரமன்று என்பதை மறைக்காமல் சொன்னோம். வெட்டத்தான் வேண்டுமா என்று கேட்டார். ஓட்டின் பக்கம் நீண்ட கிளைகளை ஆடிக்கு முன் கழித்து, உயரத்தையும் குறைத்து, ஆண்டுதோறும் அவ்வாறே செய்து வருவதானால் வைத்துக்கொள்ளலாம். இயலாதெனில், வேரில் கிளைக்கும் கன்றொன்றை வேலியோரத்தில் நட்டு வளர்த்தபின் தாய்மரத்தை எடுத்துவிடலாம் என்றோம். இரண்டாவதையே ஏற்றுக்கொண்டார், அதுவரை கிளைகளைக் கழித்து வருவதாகவும் சொன்னார்.

கார்த்திகையில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. கழித்தது போக எஞ்சிய கிளைகளில், நீண்ட குழலுடைய வெள்ளைப் பூக்கள் இரவில் மலர்ந்து வீடெங்கும் மணக்கின்றனவாம். விடியலில் முற்றமெல்லாம் உதிர்ந்து கிடப்பவற்றைப் பாட்டியம்மாள் பொறுக்கி, காம்போடு காம்பு பின்னிச் சரம் தொடுக்கிறாராம். அதற்கு நாரும் தேவைப்படவில்லையாம்.